பால் குடித்தால் வயிறு ஏன் கடமுடா என்கிறது? லாக்டேஸ் நொதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுத் தொல்லை. அதில் பாதி, "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தொடங்கும். சீட்டுக்கு மருந்து எடுத்துக்கொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. நிதானமாக எழுதிவைத்தால் கேட்பவர்களிடம் நீட்டிவிடலாம் என்று தோன்றியது. நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்லன். அந்த எல்லை எங்கே வருகிறது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

லாக்டேஸ் என்பது என்ன? உடம்பில் எங்கே இருக்கிறது?

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். குளுக்கோஸ் ஒன்றும் கேலக்டோஸ் ஒன்றும் ஒட்டிக்கொண்ட இரட்டைச் சர்க்கரை அது. இரட்டையாக இருக்கும்வரை குடல்சுவர் அதை உள்ளே விடாது. அதைப் பிரித்துக் கொடுக்கிற நொதிதான் லாக்டேஸ்.

இது இரைப்பையிலோ கணையத்திலோ சுரந்து வருவதல்ல. சிறுகுடலின் உட்புறத்தைத் தடவிப் பார்க்க முடிந்தால் டர்க்கி டவல் போல இருக்கும். அந்த டவலின் நூல்களைத்தான் பள்ளிப் புத்தகத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்தோம். நூலின் மேல்பாதியில் உள்ள முதிர்ந்த செல்களின் வெளிப்பரப்பில் லாக்டேஸ் பதிந்திருக்கிறது. அந்தச் செல்கள் நூலின் அடியில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்துவிடும். ஆகவே குடலில் எந்த அடி விழுந்தாலும் முதலில் பறிபோவது லாக்டேஸ். கடைசியாகத் திரும்பி வருவதும் அதுதான். குழந்தைகளின் பேதியைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

அது போதாமல் போனால் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

பிரிபடாத லாக்டோஸ் தன்னோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை அதை நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் வாயுக்களையும் சில அமிலங்களையும் வெளியிடுகின்றன. தண்ணீரால் வயிறு இளகுகிறது. வாயுவால் உப்புகிறது, இரைகிறது. பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இது தெரிந்துவிடும். தொல்லைதான், ஆனால் குடலுக்கு இதனால் காயம் எதுவும் இல்லை.

சின்ன வயதில் லோட்டா லோட்டாவாகக் குடித்தேனே, இப்போது மட்டும் ஏன்?

ஏனென்றால் நீங்கள் பாலூட்டி. ஆடு, மாடு, பூனை எல்லாவற்றுக்கும் தாய்ப்பால் மறந்த பிறகு லாக்டேஸ் குறைந்துவிடும். உலகில் வளர்ந்த மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கும் இப்படித்தான். லாக்டேஸுக்கான மரபணு இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சுவிட்ச் அணையாமல், நொதி கடைசிவரை சுரந்துகொண்டே இருக்கும் என்று 2002-ல் பின்லாந்து குடும்பங்களை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டு. வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு.

இதை 'லாக்டேஸ் குறைபாடு' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் படித்தவர் ஏதோ உறுப்பு கெட்டுப்போனதுபோலக் கலங்கி வருகிறார். பெரும்பான்மைக்கு உள்ள ஒன்றைக் குறைபாடு என்பது எனக்கு உடன்பாடில்லை. பால் குடித்தே பழகிய நாடுகளில் பாடம் எழுதியதால் வந்த பெயர் அது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் உண்மையிலேயே நோயாளிகள். ஆனால் அது மிக மிக அரிது.

அப்படியானால் பாலை நிறுத்திவிட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். முழுக்க நிறுத்தவேண்டியவர்கள் சிலரே. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை லாக்டோஸைப் பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். கணக்குப் போட்டால் 12 கிராம் என்பது ஒரு பெரிய டம்ளர். காபியில் ஊற்றுகிற அரை டம்ளர் பால் இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும்.

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா வருவார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். இரவு எட்டு மணிக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு வெறும் வயிற்றில் பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறையப் பால். நடு இரவில் எழுந்து ஓட்டம். வாயு மாத்திரை வாங்கியே ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார்கள். "அம்மா, பாலை விடவேண்டாம். அரை டம்ளராக்குங்கள், சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள்" என்றேன். பத்து நாள் கழித்து வந்து, "மாத்திரை வேண்டாம் ஐயா, கடையைத் தாண்டிப் போனேன், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார்கள். எனக்கு வியாபாரம் போனது. உணவோடு குடிக்கும்போது பால் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குகிறது. இருக்கிற கொஞ்ச லாக்டேஸுக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

தயிர், மோர், நெய் எல்லாமே பால்தானே?

பால்தான், ஆனால் ஒன்றல்ல. உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் லாக்டோஸைத் தின்றுதான் புளிப்பைத் தருகின்றன. தயிராகும்போது நான்கில் ஒரு பங்கு லாக்டோஸாவது குறைந்துவிடும். மேலும் புளித்தால் இன்னும் கொஞ்சம். அதைவிட முக்கியமானது, அந்தப் பாக்டீரியாக்கள் தங்களிடமுள்ள நொதியையும் நம் குடலுக்குக் கொண்டுவந்து அங்கேயும் வேலை பார்க்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். வேலூர் வெயிலில் மதியம் ஒரு செம்பு மோர் குடிக்கிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. அதில் பாதிக்குமேல் தண்ணீர். நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை.

பச்சை பாக்கெட்டை விட்டு நீலத்துக்கு மாறினால் சரியாகுமா? நாட்டுமாட்டுப் பால்?

ஆவின் பாக்கெட்டின் நிறம் கொழுப்பின் அளவைச் சொல்கிறது. லாக்டோஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. எருமைப் பாலும் அப்படித்தான். நாட்டுமாட்டுப் பால், ஏ-2 பால் என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்பதிலும் புரதத்தில்தான் வேறுபாடு. லாக்டோஸ் அதே அளவு. காய்ச்சினாலும் அது போகாது.

ஆம்பூர் பிரியாணியோடு தயிர்ப் பச்சடி சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. தயிர்தானே காரணம்?

தயிர்மேல் பழி போடுவதற்கு முன் அதிலுள்ள வெங்காயத்தைப் பாருங்கள். வெங்காயத்தில் ஃபிரக்டான் என்றொரு மாவுப்பொருள் இருக்கிறது. அதை உடைக்க மனிதக் குடலில் நொதியே கிடையாது, யாருக்கும் கிடையாது. தால்சாவில் போடுகிற பருப்பில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள்; அவற்றுக்கும் நம்மிடம் நொதி இல்லை. இரண்டும் நேராகப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குப் போய் வாயுவாகின்றன. மூன்று கரண்டித் தயிரில் இருப்பது 3 கிராம் லாக்டோஸ்கூட இராது. நிரூபிக்க வேண்டுமென்றால் ஒரு நாள் பச்சடி இல்லாமல் வெறும் தயிரோடு சாப்பிட்டுப் பாருங்கள். பிரியாணியின் அளவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

குழந்தைக்குப் பேதி. பாலை நிறுத்தலாமா?

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ரோட்டா வைரஸ் என்பது சிறுகுழந்தைகளின் கடும் பேதிக்குப் பெருங்காரணம். அது தாக்குவது குடலுறிஞ்சிகளின் மேல்பகுதியில் உள்ள முதிர்ந்த செல்களை; அதாவது லாக்டேஸ் குடியிருக்கிற இடத்தையே. செல்கள் உதிர, லாக்டேஸும் உதிர்கிறது. அதனால் சில குழந்தைகளுக்குப் பால் குடித்ததும் நுரைத்த, புளித்த வாடை உள்ள பேதி போகும். ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்துவிடும். இது தற்காலிகம். அடியிலிருந்து புதுச் செல்கள் ஏறி வந்து முதிரும்போது லாக்டேஸும் திரும்பிவிடும். சிலருக்கு ஓரிரு வாரம், சிலருக்குக் கூடுதலாகலாம்.

இதற்குப் போய்த் தாய்ப்பாலை மறக்கடித்து, லாக்டோஸ் இல்லாத பால் மாவு டின்னை வாங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் சிலர். எங்கே என்று பெயர் சொல்ல விரும்பவில்லை. போன கோடையில் நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் டின் கேட்டு வந்தாள். கையில் இருந்தது ஐநூறு ரூபாய். பேதி தொடங்கி இரண்டே நாள், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. டின்னை எடுத்துத் தரவில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் ஜிங்க் சிரப்பையும் கொடுத்து, அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் காட்டிவிட்டு, பாலைக் கொடுத்துக்கொண்டே இரு அம்மா என்று அனுப்பினேன். சாதாரணப் பேதியில் பெரும்பாலான குழந்தைகளுக்கு லாக்டோஸ் இல்லாத பால் தேவைப்படுவதில்லை. பதினான்கு நாளைத் தாண்டியும் நிற்கவில்லையென்றால் அதைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

நோயைவிடக் கொல்வது நீரிழப்பு. ஒரு லிட்டர் என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை பாக்கெட், ஒரு டம்ளர் என்ற கைக்கணக்கு கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வருகிற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. லாக்டேஸ் செத்துக்கிடக்கும் குடலில் இந்தக் கரைசல் மட்டும் எப்படி உள்ளே போகிறது என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டான், நல்ல கேள்வி. ஓ.ஆர்.எஸ்-ல் இருப்பது ஏற்கெனவே ஒற்றையான குளுக்கோஸ். அதைப் பிரிக்க நொதி வேண்டாம். குடல்சுவரில் உள்ள ஒரு வாயில் குளுக்கோஸையும் உப்பையும் ஜோடியாக உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீர் வரும். அந்த வாயில் பேதியிலும் வேண்டிய அளவு திறந்தே இருக்கிறது. கூடவே ஜிங்க் பதினான்கு நாள்: ஆறு மாதத்துக்குமேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10.

குழந்தை சோர்ந்து கிடந்தால், கண் குழிந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் என் கடைக்கு வராதீர்கள். நேராக மருத்துவமனை.

இதில் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. ரோட்டாவாக் என்ற இந்தியத் தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்த மூன்று ஊர்கள் தில்லி, புனே, வேலூர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரோட்டா வைரஸை நெடுங்காலம் ஆராய்ந்த ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி. தமிழ்நாட்டில் 2017-லிருந்து ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை அரசு இலவசமாகவே கொடுக்கிறது: 6, 10, 14-ஆவது வாரங்களில், வாய்வழியாக. சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

'பால் மாந்தம்' என்று எங்கள் பாட்டி சொல்வது இதுதானா?

சில சமயம் இதுவாக இருக்கலாம், பெரும்பாலும் இராது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு ஒரு நாளில் பல முறை இளக்கமாகப் போவது இயல்பு. எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பாட்டி சரியாகத்தான் கவனித்திருக்கிறார், பாலுக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்று. ஆனால் ஆறு மாதத்துக்குள் வசம்போ உரைமருந்தோ நாக்கில் தடவவேண்டாம்.

செரிமான சிரப் குடித்தால் பால் செரிக்குமா?

இல்லை. கடைகளில் விற்கிற பெரும்பாலான செரிமான சிரப்புகளில் இருப்பது டயஸ்டேஸ், பெப்சின். ஒன்று மாவுச்சத்துக்கு, மற்றது புரதத்துக்கு. லாக்டோஸை இரண்டும் தொடாது. பூட்டு ஒன்று, சாவி வேறு. பெட்டியில் 'லாக்டேஸ்' என்றே அச்சிட்ட மாத்திரை, சொட்டு மருந்து தனியாக வருகிறது. ஒரு வகைப் பூஞ்சையிலிருந்தோ ஈஸ்ட்டிலிருந்தோ எடுப்பது. பாலின் முதல் வாயோடு போட்டால்தான் பலன். குடித்துமுடித்து வயிறு இரைந்த பிறகு போட்டால் காசு போனதுதான். 'லாக்டோஸ் இல்லாத பால்' என்பதும் பாலில் இதே நொதியைக் கலந்து முன்கூட்டியே பிரித்து வைத்ததுதான். அது கொஞ்சம் கூடுதலாக இனிப்பதற்கு அதுவே காரணம், சர்க்கரை சேர்க்கவில்லை.

மாத்திரைகளிலும் லாக்டோஸ் இருக்கிறதாமே?

இருக்கிறது. மாத்திரைக்கு உருவம் கொடுக்கச் சேர்ப்பார்கள். ஆனால் அது மில்லிகிராம் கணக்கு. பேதிக்குக் காரணமாவது மிக அரிது. மாத்திரையைச் சந்தேகிப்பதானால் வேறு கோணத்தில் சந்தேகியுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் பலருக்கும் வயிறு இளகும். மக்னீசியம் கலந்த அமிலநீக்கி சிரப்பும் அப்படியே. காலையில் மாத்திரையும் பாலும் ஒன்றாகக் குடித்துவிட்டுப் பாலைத் திட்டுகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பால் ஒவ்வாமையும் இதுவும் ஒன்றா?

அல்ல. ஒவ்வாமை பாலின் புரதத்துக்கு எதிராக உடல் காட்டுகிற எதிர்ப்பு. தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், கைக்குழந்தைக்கு மலத்தில் ரத்தம் என்று வரலாம். துளிப் பாலும் ஆபத்தாகலாம். லாக்டோஸ் இல்லாத பாலிலும் புரதம் அப்படியே இருப்பதால் அது இங்கே உதவாது.

எனக்கு இது இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் வீட்டுச் சோதனை. இரண்டு வாரம் பாலையும் கோவா இனிப்புகளையும் விட்டுப் பாருங்கள். வயிறு அமைதியானால், ஒரு நாள் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். திரும்ப வந்தால் விடை கிடைத்துவிட்டது. பாலை விட்டும் வயிறு அப்படியே இருந்தால் பால் குற்றவாளி இல்லை.

மருத்துவமனையில் செய்வது மூச்சுச் சோதனை. வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு முறை ஊதச் சொல்வார்கள். மனித செல் எதுவும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்காது, பாக்டீரியாக்கள்தான் உண்டாக்கும்; அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மூச்சில் வரும். ஆகவே மூச்சில் ஹைட்ரஜன் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால், லாக்டோஸ் பிரிபடாமல் பெருங்குடலுக்குப் போய்விட்டது என்று பொருள். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனை பொய் சொல்லும்.

இதற்குப் பின்னால் பெரிய நோய் ஒளிந்திருக்குமா?

சிலருக்கு இருக்கும். ஜியார்டியா கிருமி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், சத்தை உறிஞ்ச முடியாமல் போகிற ஸ்ப்ரூ நோய் ஆகியவை குடலுறிஞ்சிகளை மழுக்கிவிடும். லாக்டேஸ் போவது அதன் ஓர் அடையாளம் மட்டுமே. வெப்பமண்டல ஸ்ப்ரூ நம் பகுதிக்குப் புதிதல்ல. தென்னிந்தியக் கிராமங்களில் அது கொள்ளைநோய்போலக் கூட்டமாகத் தாக்கியதை 1960-களில் வேலூரிலிருந்து எஸ்.ஜே. பேக்கரும் வி.ஐ. மாதனும் ஆராய்ந்து எழுதினார்கள். மாதக்கணக்கில் பேதி, மெலிவு, ரத்தசோகை, நாக்குப் புண். இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் அதற்கு மருந்து.

எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, விடாத காய்ச்சல், ரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பால் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

செரிக்காமல் போவது எல்லாமே கெடுதலா?

இல்லை. வேலூரில் காலரா நோயாளிகளிடம் செய்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. குடல் நொதிக்கு மசியாத மக்காச்சோள மாவுச்சத்தை லிட்டருக்கு 50 கிராம் ஓ.ஆர்.எஸ்-ல் கலந்து கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியாக்களால் சிறு கொழுப்பு அமிலங்களாகி, அங்கே உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவியது. பேதி சீக்கிரம் கட்டுப்பட்டது. நாம் வடித்த சோற்றை ஆறவிடும்போதும் அதன் மாவுச்சத்தில் சிறு பங்கு இப்படி மசியாததாக மாறுகிறது.

பாலைக் குறைத்தால் கால்சியத்துக்கு என்ன செய்வது?

கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழை மற்ற மாதங்களிலும் குடித்தால் போதும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்கிற சிறுமீன், கூடவே தயிர்.

கடைசியாக ஒன்று. ஆற்காடு மக்கன் பேடா சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் சுமார் 200 கிராம் கோவா. தண்ணீர்தான் போனது, லிட்டரில் இருந்த 45, 50 கிராம் லாக்டோஸும் கோவாவிலேயே தங்கிவிட்டது. வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு விடுதிகளில் தங்குகிற வங்காளத்துக்காரர்களின் ரசகுல்லா இதற்கு நேர்மாறு. பாலைத் திரித்து நீரை வடித்துவிடுவதால் லாக்டோஸில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். மக்கன் பேடா ஒன்றில் 25 கிராம் கோவா இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், லாக்டோஸ் 6 கிராம். அரை டம்ளர் பால். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று தாராளமாகச் சாப்பிடலாம். மூன்றாவதை எடுக்கும்போது மறுநாள் பஸ் பயணம் எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.